பக்கத்து மேசைச் சம்பளம்

அவருடைய சம்பளச் சீட்டை நான் தேடிப் போய்ப் பார்க்கவில்லை. வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்துக்கொண்டிருந்தார். கோப்பின் அளவு பெரிது என்று சொல்லி வங்கியின் இணையதளம் திருப்பித் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. "இதைக் கொஞ்சம் சின்னதாக்கித் தர முடியுமா?" என்று மூன்று மாதச் சீட்டுகளை எனக்கு அனுப்பிவிட்டு, போன் பேச வெளியே போனார். கோப்பைத் திறந்தேன், சுருக்கினேன், எல்லாப் பக்கமும் சரியாக வந்திருக்கிறதா என்று பார்த்தேன். இடது பக்கம் அடிப்படைச் சம்பளமும் படிகளும். வலது பக்கம் பிடித்தங்கள். கீழே கட்டம் கட்டி, தடித்த எழுத்தில் நிகரத் தொகை. எனக்கு 100 என்றால் அவருக்கு 140.

அவர் என்னைவிட எட்டு மாதம் பிந்தி வேலைக்குச் சேர்ந்தவர். ஒரே பதவி, ஒரே வேலை. சேர்ந்த புதிதில் மூன்று வாரம் பக்கத்தில் உட்கார்ந்து அவருக்கு வேலை சொல்லிக்கொடுத்தவள் நான்.

"முடிஞ்சிடுச்சா?" என்று கேட்டுக்கொண்டே வந்தார். "அனுப்பிட்டேன், பாருங்க" என்றேன். அன்று முழுக்க அதற்கு மேல் அவரிடம் நான் ஒரு வார்த்தை பேசவில்லை.

அதன் பிறகு வந்த நான்கைந்து மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு வருத்தமாக இருக்கிறது. வேலையை நான் நிறுத்திவிடவில்லை. ஆனால் கேட்டதற்கு மேல் எதுவும் செய்யவில்லை. சாயங்காலம் கணினியை மூடுவதில் ஒரு பிடிவாதம் வந்தது. அதைவிட மோசமானது, அவர் ஏதாவது சந்தேகம் கேட்டால் பாதி பதில்தான் சொன்னேன். மீதிப் பாதி தெரியாமல் அவர் அரை நாள் தடுமாறுவதைப் பக்கத்திலிருந்தே பார்த்தேன். 140 வாங்குகிறவர் தானே கண்டுபிடிக்கட்டும் என்று நினைத்தேன். அவர் எனக்கு ஒரு தீங்கும் செய்ததில்லை. தன் சம்பளச் சீட்டை நம்பி என்னிடம் கொடுத்தவர் அவர்.

சம்பளத்தை ஒப்பிட்டுப் பார்ப்பது உழைப்பவருக்கு நல்லதா, இல்லை வயிற்றெரிச்சலைத்தான் வளர்க்குமா என்று யாராவது கேட்டால் என்னால் சட்டென்று ஒரு பக்கம் சாய முடியாது. அந்த நான்கைந்து மாதம் எனக்குள் எரிந்தது வயிற்றெரிச்சல்தான், வேறு பெயர் சொல்லி மூடப் பார்க்கவில்லை. இருந்தும் ஒப்பிடுவதன் பக்கம்தான் இன்று நிற்கிறேன். ஏன் என்று சொல்லப் பார்க்கிறேன்.

முதலில் எனக்கு எதிரான சாட்சியங்களைச் சொல்லிவிடுகிறேன்.

அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் அரசு ஊழியர்களின் சம்பளத்தை ஒரு செய்தித்தாள் தன் இணையதளத்தில் தேடிப் பார்க்கும்படி போட்டது. டேவிட் கார்டும் இன்னும் மூன்று பொருளாதார அறிஞர்களும் அதை ஒரு சோதனையாக்கினார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினரைக் குலுக்கல் முறையில் தேர்ந்தெடுத்து, "இப்படி ஒரு தளம் இருக்கிறது" என்று மின்னஞ்சல் அனுப்பினார்கள். சில நாள் கழித்து எல்லோரிடமும் வேலையைப் பற்றிக் கேட்டார்கள். அந்த ஆய்வு 2012இல் வெளியானது. தன் துறையில், தன்னையொத்த பணியில் இருப்பவர்களின் நடுச் சம்பளத்துக்குக் கீழே இருந்தவர்களுக்கு வேலையில் திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. சரி, மேலே இருந்தவர்களுக்கு? திருப்தி கூடவில்லை. கீழே இருப்பவர் தெரிந்துகொண்டு நோகிறார், மேலே இருப்பவர் தெரிந்தும் மகிழவில்லை. இதைப் படித்தபோது என்னையே யாரோ கணக்கெடுத்தது போல இருந்தது.

நார்வேயின் கதையும் உண்டு. அங்கே வருமான வரி விவரங்கள் நெடுங்காலமாகவே பொதுவில் உள்ளவை. 2001இல் அவை இணையத்துக்கு வந்தன. பெயரைத் தட்டினால் யாருடைய வருமானமும் தெரியும். மக்கள் தட்டினார்கள். அக்கம்பக்கத்தார், உறவினர், கூட வேலை செய்பவர், பழைய வகுப்புத் தோழர் என்று யாரையும் விட்டுவைக்கவில்லை. வருமானம் அதிகம் உள்ளவர்களுக்கும் குறைவாக உள்ளவர்களுக்கும் இடையே, தாங்கள் எவ்வளவு மகிழ்ச்சியாக இருக்கிறோம் என்று சொல்வதில் இருந்த இடைவெளி 29 சதவீதம் விரிந்தது என்று பின்னாளில் ஒரு பொருளாதார ஆய்வு காட்டியது. 2014இல் அரசு ஒரு விதியை மாற்றியது. விவரங்களை மூடவில்லை. யார் உங்கள் பெயரைத் தேடினார் என்பதை நீங்கள் பார்க்கலாம் என்று ஆக்கியது, அவ்வளவுதான். தேடல்கள் பெருமளவு குறைந்துபோயின.

இந்த விதி எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. பார்க்காதே என்று அது சொல்லவில்லை, ஒளிந்து பார்க்காதே என்கிறது. நான் செய்தது ஒளிந்து பார்த்ததுதான். கோப்பு தற்செயலாக வந்தது, உண்மை. ஆனால் பார்த்தேன் என்று அவரிடம் சொல்லாமல் இருந்தது தற்செயல் இல்லை. சொல்லியிருந்தால் அது எங்கள் இருவருக்கும் நடுவே ஒரு பேச்சாக ஆகியிருக்கும். சொல்லாததால் எனக்குள் புளித்துக்கொண்டே கிடந்தது.

அப்படியானால் பேசாமலிருப்பதே நல்லது என்பவர்களின் கட்சி ஜெயித்துவிட்டதா? இல்லை. அதே கேள்வியை இன்னும் நுணுக்கமாகக் கேட்ட ஒரு ஆய்வு ஒடிசாவில் நடந்தது. எமிலி பிரெசா, சுப்ரீத் கௌர், யோகிதா ஷம்தாசானி ஆகிய மூவர் செய்தது, 2018இல் வெளியானது. சிறு தொழிற்கூடங்களில் மூன்று மூன்று பேராக 378 தொழிலாளர்கள். ஒரு குழுவுக்கு ஒரு பொருள். சில குழுக்களில் மூவருக்கும் ஒரே தினக்கூலி. சில குழுக்களில் ஆளுக்கொரு கூலி. கூலி வேறுபாடு வந்த குழுக்களில் உற்பத்தி சரிந்தது, வேலைக்கு வருவது 18 சதவீதப் புள்ளி குறைந்தது. வராத நாளுக்குக் கூலி கிடையாது, தெரிந்தேதான் வரவில்லை. இன்னொன்று, தங்களுக்கே லாபம் தரக்கூடிய விஷயத்தில்கூட அந்தக் குழுக்கள் ஒருவரோடு ஒருவர் ஒத்துழைக்க முடியாமல் போயின. என் பாதி பதில்கள் ஞாபகம் வந்தன.

ஆனால் ஆய்வு அதோடு முடியவில்லை. கூடுதல் கூலி வாங்குபவர் கூடுதலாகச் செய்கிறார் என்பது கண்ணுக்குத் தெரியும் வேலைகளில் இந்தச் சரிவு எதுவும் இல்லை. அதே கூலி வித்தியாசம்தான், ஒரு சச்சரவும் கிடையாது.

இந்த இடத்தில்தான் எனக்கு விஷயம் தெளிந்தது. வித்தியாசம் மட்டும் இருந்தால் மனிதர்கள் தாங்கிக்கொள்கிறார்கள். காரணம் தெரியாத வித்தியாசத்தைத்தான் தாங்க முடிவதில்லை. ஆசியாவில் ஒரு பெரிய வங்கியின் ஊழியர்களிடம் நடந்த இன்னொரு சோதனையும் இதையே வேறு பக்கத்திலிருந்து காட்டுகிறது. தன் மேலாளர் தான் நினைத்ததைவிட அதிகம் வாங்குகிறார் என்று தெரிந்தவர்கள் கூடுதலாக உழைத்தார்கள், நாமும் ஒருநாள் அங்கே போகலாம் என்ற நம்பிக்கையில். தனக்குச் சமமானவர் அதிகம் வாங்குகிறார் என்று தெரிந்தவர்கள் உழைப்பைக் குறைத்தார்கள். மேலாளரின் சம்பளத்துக்குக் காரணம் அவருடைய பதவியிலேயே இருக்கிறது. பக்கத்து மேசைக்காரரின் சம்பளத்துக்குக் காரணம் எங்கே இருக்கிறது?

எங்கோ இருக்கிறது. யாரோ ஒருவரிடம் ஒரு அட்டவணையில் இருக்கிறது. இதைப் பற்றி நான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். சம்பளம் பேசாதே என்று சொல்லப்படும்போது யாரும் இதைச் சொல்வதில்லை.

ஓரளவு பெரிய நிறுவனங்கள் பெரும்பாலும் சம்பளத்தைக் குத்துமதிப்பாக வைப்பதில்லை. சந்தைச் சம்பள ஆய்வுகளைக் காசு கொடுத்து வாங்குகிறார்கள். இந்தப் பதவிக்கு, இத்தனை வருட அனுபவத்துக்கு, மற்ற நிறுவனங்கள் என்ன கொடுக்கின்றன, நடுவில் இருப்பவர் என்ன வாங்குகிறார், மேல் கால்பகுதியில் இருப்பவர் என்ன வாங்குகிறார் என்று வரி வரியாக இருக்கும். அதை வைத்து ஒவ்வொரு பதவிக்கும் கீழ் எல்லை, மேல் எல்லை போடுகிறார்கள். அந்த வரம்பின் நடுப்புள்ளியால் உங்கள் சம்பளத்தை வகுத்து ஒரு எண் வைத்திருப்பார்கள், கம்பா ரேஷியோ என்பார்கள். ஒன்றுக்குக் கீழே என்றால் நீங்கள் நடுப்புள்ளிக்குக் கீழே. அதாவது உங்கள் சம்பளம் பிறப்பதே ஒப்பீட்டில்தான். ஒப்பிட்டுப் பார்த்துச் சம்பளம் வைத்தவர், வாங்குகிறவரைப் பார்த்து ஒப்பிடாதே என்கிறார். பேரத்தில் ஒரு பக்கத்துக்கு எல்லா எண்ணும் தெரியும், மறுபக்கத்துக்குத் தன் எண் மட்டும் தெரியும். இதில் யார் ஜெயிப்பார் என்பதற்கு ஆய்வு எதுவும் வேண்டாம்.

என் நியமனக் கடிதத்திலும் அந்த வரி இருந்தது. சம்பள விவரங்களை ரகசியமாக வைத்திருக்க வேண்டும், மீறினால் ஒழுங்கு நடவடிக்கை. கையெழுத்துப் போடும்போது அது ஏதோ என் நன்மைக்காக எழுதியது போலத்தான் தோன்றியது. "பெண்ணிடம் வயதைக் கேட்காதே, ஆணிடம் சம்பளத்தைக் கேட்காதே" என்று கேட்டு வளர்ந்தவள் நான். பெண்ணின் சம்பளத்தைப் பற்றி அந்தப் பேச்சில் ஒன்றுமே இல்லை என்பது வெகுநாள் கழித்துத்தான் உறைத்தது.

லில்லி லெட்பெட்டரைப் பற்றி எழுதாமல் இந்த விஷயத்தை என்னால் கடக்க முடியாது. அமெரிக்காவின் அலபாமா மாநிலத்தில், காட்ஸ்டன் ஊரிலிருந்த குட்இயர் டயர் தொழிற்சாலையில் 1979இல் வேலைக்குச் சேர்ந்தவர். மேற்பார்வையாளர் வேலை. சம்பளத்தைப் பற்றிப் பேசக்கூடாது என்பது அங்கே கட்டளை. பேசவில்லை. ஓய்வுக்குச் சற்று முன்பு, 1998இல், யாரோ ஒருவர் பெயர் போடாமல் ஒரு காகிதத் துண்டை அவருக்குச் சேரும்படி வைத்துவிட்டுப் போனார். அதில் அவருடைய சம்பளமும், அதே வேலை பார்த்த ஆண்கள் மூவரின் சம்பளமும் எழுதியிருந்தன. வழக்கில் பதிவான கணக்குப்படி 1997 முடிவில் அவருக்கு மாதம் 3,727 டாலர். அதே பணியில் இருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கு 4,286, மிக அதிகமாக வாங்கியவருக்கு 5,236.

அந்தத் துண்டுச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு அவர் நின்ற நிமிஷத்தை நான் பலமுறை நினைத்துப் பார்த்திருக்கிறேன். எனக்கு வந்தது ஏறக்குறைய நான்கு வருடத்துக் கணக்கு. அவருக்கு 19 வருடம்.

நஷ்டம் மாதச் சம்பளத்தோடு நிற்பதில்லை, மிகை நேர ஊதியமும் ஓய்வூதியமும் அதே அடிப்படையிலிருந்துதான் கணக்காகின்றன. சதவீதத்தில் உயர்வு போடும் எல்லா இடத்திலும் இதுதான் நடக்கும். 100 வாங்குபவருக்கும் 140 வாங்குபவருக்கும் ஐந்து வருடம் ஒரே மாதிரி 10 சதவீதம் உயர்வு கொடுங்கள், யாருக்கும் ஓரவஞ்சனை இல்லாமல். முடிவில் ஒருவருக்கு 161, இன்னொருவருக்கு 225. 40 ஆக இருந்த வித்தியாசம் 64 ஆகிவிடும். அப்புறம் வேலை மாறப் போனால், "கடைசியாக என்ன வாங்கினீர்கள்?" என்ற கேள்வி. பழைய பள்ளம் புது நிறுவனத்துக்கும் கூடவே வருகிறது. அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016இல் சட்டம் போட்டு இந்தக் கேள்வியையே தடுத்தது இதனால்தான். மற்ற மாநிலங்கள் பலவும் பின்னால் வந்தன.

லெட்பெட்டர் வழக்குப் போட்டார். நடுவர் குழு அவர் பக்கம் தீர்ப்புச் சொன்னது. மேல்முறையீட்டில் தோற்றார். 2007இல் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவரைத் திருப்பி அனுப்பியது. சம்பளத்தை முடிவு செய்த நாளிலிருந்து 180 நாளுக்குள் புகார் செய்திருக்க வேண்டுமாம். யாரும் சொல்லாத ஒன்றைப் பற்றி எப்படி 180 நாளுக்குள் புகார் செய்வது? மாற்றுத் தீர்ப்பு எழுதிய நீதிபதி ரூத் பேடர் கின்ஸ்பர்க், அதை நீதிமன்றத்தில் வாய்விட்டுப் படித்தார். சம்பள வித்தியாசம் சிறுகச் சிறுகத்தான் சேர்கிறது, ஒப்பிட்டுப் பார்ப்பதற்கான தகவலே பெரும்பாலும் ஊழியரின் கண்ணில் படாமல் இருக்கிறது என்பது அவர் வாதத்தின் சாரம். 2009 ஜனவரியில் லெட்பெட்டரின் பெயரிலேயே சட்டம் வந்தது. பாகுபாடான ஒவ்வொரு சம்பளமும் புதிதாகக் காலக்கெடுவைத் தொடங்கிவைக்கும் என்று ஆனது. அவருக்கு அதனால் ஒரு டாலர்கூட வரவில்லை. 2024இல் இறந்துபோனார்.

ஒப்பிட்டால் அதிருப்தி வருமே என்று கவலைப்படுபவர்களிடம் நான் கேட்க விரும்புவது, அந்தத் துண்டுச் சீட்டு வராமலே இருந்திருக்கலாம் என்கிறீர்களா? 19 வருடம் அவர் அந்த எண்கள் தெரியாமல்தான் இருந்தார்.

நான் வாய் திறந்தது கணக்குப் பிரிவில் இருந்த ஒரு அக்காவால். ஓய்வு பெற இரண்டு வருடம் இருந்தது அவருக்கு. என் முகத்தைப் பார்த்தே ஏதோ புரிந்துகொண்டு, ஒருநாள் படிக்கட்டில் நிறுத்திக் கேட்டார். யாருடைய சம்பளம் என்று பெயர் சொல்லாமல் சொன்னேன். அவர் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. "அவருக்கு ஏன் இவ்வளவுன்னு போய்க் கேக்காதே. அது அவர் விஷயம். இந்த வேலைக்கு வரம்பு எதுலேர்ந்து எது வரைக்கும், அதுல நான் எங்க இருக்கேன், ஏன் அங்க இருக்கேன்னு கேளு. அதைக் கேக்கறதுக்கு உனக்கு முழு உரிமை இருக்கு" என்றார்.

கேட்க ஒரு மாதம் ஆனது. மேலாளரின் அறைக்குள் உட்கார்ந்து, எழுதி வைத்திருந்த அந்த மூன்று கேள்விகளையும் கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் மேசையைப் பார்த்தார். பிறகு நேராகவே சொன்னார். நான் சேர்ந்த வருடம் சம்பள உயர்வுகளை நிறுத்தி வைத்திருந்தார்கள், வரம்பின் அடியில்தான் எல்லோரையும் எடுத்தார்கள். எட்டு மாதத்தில் நிலைமை மாறியது, பின்னால் வந்தவர்கள் மேலே பேசி வந்தார்கள். "உங்க வேலையில குறை எதுவும் இல்ல. நீங்க கேக்கல, நாங்களும் திரும்பிப் பார்க்கல" என்றார்.

நியாயமான காரணமா? இல்லை. நான் பெண் என்பதும் அதில் ஒரு பங்கு வகித்ததா என்பதற்கு எனக்கு இன்றுவரை பதில் கிடைக்கவில்லை. ஆனாலும் அந்த அறையிலிருந்து வெளியே வந்தபோது பல மாதமாக நெஞ்சில் கிடந்த பாரம் இறங்கியிருந்தது. குறை என்னிடம் இருக்கிறதோ என்று உள்ளுக்குள் அரித்துக்கொண்டிருந்தது நின்றது. பக்கத்து மேசைக்காரர் மேல் இருந்த கோபமும் போனது, அதற்கு ஆதாரமே இல்லாமல் போய்விட்டதால். ஆறு மாதம் கழித்து வித்தியாசத்தில் பாதியைச் சரிசெய்தார்கள். மீதிப் பாதி நான் அந்த நிறுவனத்தை விட்டுப் போகும்வரை வரவில்லை.

பல வருடம் கழித்து, இருவரும் வேறு வேறு இடங்களில் இருந்தபோது, அவரிடம் போனில் உண்மையைச் சொன்னேன். அந்தக் கோப்பு, அந்தப் பாதி பதில்கள், எல்லாவற்றையும். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் அவர் சொன்னது நான் எதிர்பார்க்காதது. "நான் எப்படி அவ்வளவு கேட்டேன்னு நினைக்கிறீங்க? எனக்குத் தெரிஞ்ச ஒருத்தர் அங்க வேலை பார்த்தார். சேர்றதுக்கு முன்னாடியே அவர்கிட்ட வரம்பு என்னன்னு கேட்டுட்டேன். நீங்க என்கிட்ட அன்னிக்கே கேட்டிருந்தா சொல்லியிருப்பேனே."

அவருடைய 140 ஒப்பிட்டுப் பார்த்ததால் வந்தது. என்னுடைய 100 யாரிடமும் கேட்காததால் வந்தது. இருவருக்கும் நடுவில் இருந்த வித்தியாசம் முழுக்க முழுக்க ஒரு உரையாடல்தான்.

அதற்குப் பிறகு சேர்ந்த அலுவலகத்தில் நாங்கள் நான்கு பேர் ஒன்று செய்தோம். ஒருநாள் எல்லோரும் கிளம்பிய பிறகு ஒரு கூட்ட அறையில் உட்கார்ந்து, ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் சேர்ந்த வருடம், பதவி நிலை, வருடத்துக்குக் கையில் வரும் தொகை, நிறுவனம் தன் செலவாகக் காட்டும் மொத்தத் தொகை என்று நான்கு வரி எழுதி, மடித்து, காலிப் பேனாப் பெட்டி ஒன்றில் போட்டோம். பெயர் எழுத வேண்டாம் என்று பேச்சு. பிரித்தபோது கையெழுத்தைப் பார்த்தே எல்லாருக்கும் எல்லாம் தெரிந்துவிட்டது. நால்வரில் மூத்தவருக்குத்தான் மிகக் குறைவு. பதினோரு வருடம் ஒரே இடத்தில் இருந்தவர். அதிகம் வாங்கியவர் எங்களில் இளையவர். அவர் முகம்தான் முதலில் வாடியது, "எனக்கு இது தெரியாதுண்ணே" என்று மூத்தவரிடம் இரண்டு முறை சொன்னார். மூத்தவர் அந்த நான்கு காகிதங்களையும் வருட வாரியாக வரிசைப்படுத்தி வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தார். "உன்மேல எனக்கென்னப்பா இருக்கு" என்றார்.

மூன்று பேர் போய்க் கேட்டோம், ஒருவர் கேட்க விரும்பவில்லை. மூத்தவருக்கு உயர்வு கிடைத்தது. எனக்குக் கொஞ்சம் கிடைத்தது. இன்னொருவருக்கு ஒன்றும் கிடைக்கவில்லை, அடுத்த வருடம் வேறு இடம் போனார். நால்வரும் இன்றும் பேசிக்கொள்கிறோம். முன்பு நான் தனியாக, ஒளிந்து, ஒரே ஒரு எண்ணைத்தான் பார்த்தேன். இங்கே நால்வரும் சேர்ந்து, தன் எண்ணை முதலில் வைத்துவிட்டு, காரணம் சொல்லக்கூடிய விவரங்களோடு பார்த்தோம். நிகரத் தொகையை மட்டும் பார்த்தால் ஏமாந்துபோவோம், ஒருவருக்குப் பிடித்தம் கூடுதலாக இருக்கும், ஒருவருக்கு வருட முடிவில் மொத்தமாக வரும். ஆண்டும் பதவி நிலையும் தெரியாமல் ஒப்பிடுவது ஒப்பீடே இல்லை.

இதில் எனக்கு உறுத்தும் ஒன்றையும் சொல்ல வேண்டும். சம்பளம் வெளியில் தெரிந்தால் கீழே இருப்பவர் மேலே வருவார் என்றுதான் நினைத்திருந்தேன். எப்போதும் அப்படி நடப்பதில்லை. டென்மார்க்கில் 2006இல், குறைந்தது 35 பேர் வேலை செய்யும் நிறுவனங்கள் ஆண், பெண் சம்பளக் கணக்கைக் காட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. இடைவெளி சுருங்கியது, ஆனால் பெரும்பாலும் ஆண்களின் சம்பளம் மெதுவாக ஏறியதால். அமெரிக்காவில் சம்பளம் பேசும் உரிமையைப் பாதுகாக்கும் மாநிலச் சட்டங்களை ஆராய்ந்தவர்கள், அவற்றுக்குப் பிறகு சம்பளம் சராசரியாகச் சுமார் 2 சதவீதம் இறங்கியதைக் கண்டார்கள். ஒருவருக்குக் கூட்டிக் கொடுத்தால் எல்லோரும் கேட்பார்கள் என்று முதலாளி இறுக்கிப் பிடிக்கிறார். தனித்தனியாகப் பேரம் பேசும் பலம் குறைவாக உள்ள இடங்களில் இந்தச் சரிவும் குறைவு.

தெரிந்துகொள்வது முதல் படிதான், தெரிந்த பிறகு ஆளாளுக்குத் தனியாகப் போய்க் கேட்டால் திரும்பவும் தனியாகத்தான் மாட்டுவோம். சங்கங்கள் நூறு வருடத்துக்கு மேலாகச் சொல்லி வந்தது இதைத்தான். அமெரிக்காவின் 1935ஆம் ஆண்டுத் தொழிலாளர் உறவுச் சட்டம் சம்பளம் பேசுவதைப் பாதுகாப்பதும் இந்த வழியில்தான், தொழிலாளர் ஒன்றுகூடிச் செயல்படும் உரிமையின் ஒரு பகுதியாக. மேற்பார்வையாளர்களுக்கு அந்தப் பாதுகாப்பு இல்லை. லெட்பெட்டர் அந்த ஓட்டைக்குள்தான் இருந்தார்.

ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் சம்பள வெளிப்படைத்தன்மைக்கு ஒரு ஆணை நிறைவேற்றியது. 2026 ஜூன் 7க்குள் உறுப்பு நாடுகள் அதைத் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்று கெடு. வேலைக்கு எடுக்கும் முன்பே சம்பள வரம்பைச் சொல்ல வேண்டும், முந்தைய சம்பளத்தைக் கேட்கக்கூடாது, தன் வேலைக்கு நிகரான வேலை செய்பவர்களின் சராசரிச் சம்பளத்தை ஆண், பெண் வாரியாகக் கேட்டுப் பெறும் உரிமை ஊழியருக்கு உண்டு. இதில் பக்கத்து மேசைக்காரரின் பெயர் எங்கும் வராது. சம்பளம் எந்த அளவுகோலால் முடிவாகிறது என்பதையும் சொல்ல வேண்டும் என்கிறது. படிக்கட்டில் அந்த அக்கா சொல்லிக்கொடுத்த மூன்று கேள்விகளும் ஏறக்குறைய அப்படியே சட்டமாக எழுதப்பட்டிருப்பதைப் பார்த்தபோது மனம் நெகிழ்ந்துவிட்டது. அவர் இப்போது இல்லை.

இன்று நான் எட்டுப் பேர் கொண்ட ஒரு குழுவுக்குப் பொறுப்பு. எட்டுப் பேரின் சம்பளமும் எனக்குத் தெரியும். அதில் ஒருவர், மூன்று வருடமாக என்னோடு இருப்பவர், போன மாதம் சேர்ந்தவரைவிடக் குறைவாக வாங்குகிறார். வேலையில் ஒரு குறையும் கிடையாது. உயர்வு நின்றிருந்த ஒரு காலத்தில் அவரும் சேர்ந்திருக்கிறார், அவரும் கேட்கவில்லை. இரண்டு முறை மேலே எழுதிவிட்டேன். அடுத்த சுற்றில் பார்க்கலாம் என்று பதில் வந்தது.

புதியவரின் சம்பளத்தை அவரிடம் சொல்ல எனக்கு உரிமை இல்லை, அது புதியவருடையது. ஆனால் இந்த வேலைக்கான வரம்பைச் சொல்லலாம், அதில் அவர் எங்கே நிற்கிறார் என்றும் சொல்லலாம். வரும் செவ்வாய்க்கிழமை நாங்கள் இருவரும் மட்டும் பேசும் நாள். அவர் கேட்கும்வரை காத்திருக்கப் போவதில்லை. சொன்னவுடன் "ஏன் மேடம், நான் மட்டும் ஏன் கீழே?" என்று கேட்பார். அதற்கு என்ன சொல்வது என்று இரண்டு நாளாக ஒரு நோட்டில் எழுதுகிறேன், அடிக்கிறேன், திரும்ப எழுதுகிறேன். இப்போதைக்கு அந்தப் பக்கத்தில் ஒரு வரிதான் அடிக்கப்படாமல் இருக்கிறது: உங்க வேலையில குறை எதுவும் இல்ல.